வலது பக்கம் கூடுதல் துணி

எங்கள் தெருவில் யாருக்கு இடுப்பு எவ்வளவு என்பது அவரவர் கட்டிக்கொண்டவர்களுக்குக்கூடத் தெரியாது. தையல்கார அக்காவுக்குத் தெரியும். என் பஞ்சர் கடைக்கு நேர் மேலே மாடியில் அவள் வீடு. முன்னறை முழுக்கத் தையல், பின்னறையில் குடித்தனம். கீழே நான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருப்பேன், மேலே மெஷின் ஓடும். மெஷின் நின்றால் அளவெடுப்பதில் யாருடனோ தகராறு என்று அர்த்தம். நானும் கையைத் துடைத்துக்கொண்டு காதைத் தீட்டுவேன்.

"போன தடவை எடுத்த அளவே போதுங்க" என்று ஒரு அம்மா சொல்லும்.

"அது போன தடவை உடம்புக்கு. நிமிந்து நில்லுங்க."

சில பேர் டேப்பைக் கண்டதும் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை ஒட்ட வைத்துக்கொள்வார்கள். அக்கா டேப்பைச் சுற்றிப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். நகைக்கடைக்காரர் சம்சாரம் ஒரு தடவை முகம் சிவக்கும்வரை அடக்கிப் பார்த்தது. அக்கா அசையவில்லை. "விட்டுத்தானே ஆகணும்? நான் இங்கதான் இருக்கேன், மெதுவா விடுங்க" என்றாள். அவ்வளவுதான், அந்த அம்மா புஸ்ஸென்று இறங்கிவிட்டது. சட்டை கச்சிதமாக வந்தது என்பது வேறு விஷயம்.

அக்கா வீட்டுக்காரர் லாரி டிரைவர். மேட்டுப் பக்கத்து மேய்ச்சல் காடுகளில் இருந்து நகரத்துக் கசாப்புக்கூடத்துக்கு ஆடு ஏற்றி வருவார். ஆள் பார்க்க மலை, பேசினால் பஞ்சு. அவருக்கு இரண்டே பயம்தான், ஒன்று கத்தி, இன்னொன்று அக்கா. லாரிக்கு கிளீனர் என்று யாரையும் வைத்துக்கொள்ளவில்லை. அந்த சீட்டில் ஒரு செம்பழுப்பு நாய் உட்கார்ந்து வரும், ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, வண்டியே அதனுடையது மாதிரி. அதனால் நாய்க்குப் பெயரே கிளீனர் ஆகிவிட்டது. அவர் கையில் தின்னும், அவர் தொடையில் தலைவைத்துத் தூங்கும், அவர் மீசையை நக்கும். அக்காவுக்கே அந்த உரிமை இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். கேட்க தைரியம் இல்லை.

டிரைவர் அண்ணனுக்கு வயிறு போட ஆரம்பித்தது. நான் சும்மா இருப்பேனா? "அண்ணே, முன் லோடு அதிகமாயிடுச்சு, ஸ்பிரிங் பட்டை போயிடும்" என்பேன். அவரும் சிரித்துக்கொண்டே தட்டிக் காட்டுவார். "எல்லாம் உங்கக்கா கைவண்ணம்டா." தெருவே அதை நல்ல சாப்பாட்டின் அடையாளம் என்று ஒப்புக்கொண்டிருந்தது.

ஒருநாள் மதியம் மேலே மெஷின் நின்றது. தகராறு சத்தமும் இல்லை. ஜன்னலில் இருந்து அக்கா தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, கொஞ்சம் மேல வா."

போனேன். கட்டிங் டேபிளின் மேல் அண்ணனுடைய சட்டை ஒன்று பிரித்துப் போடப்பட்டிருந்தது.

"இது என்னன்னு சொல்லு."

"அண்ணன் சட்டை."

"அது எனக்குத் தெரியாதா? பட்டன் பட்டியைப் பாரு. எங்க போவுது?"

பார்த்தேன். நேராக இறங்க வேண்டிய பட்டி, நெஞ்சுக்குக் கீழே வந்ததும் வலது பக்கம் வளைந்து இழுத்துக்கொண்டிருந்தது. துணியே அந்த வளைவுக்குப் பழகிப்போயிருந்தது.

"இறுக்குது இறுக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் கொண்டாந்து குடுக்குறாரு. நானும் பிரிச்சுப் பிரிச்சு விடுறேன். இன்னிக்குத்தான் உக்காந்து பாக்குறேன், விட்டதெல்லாம் வலது பக்கம். இடது பக்கத் தையல்ல நான் கையே வெக்கல. தொப்பைன்னா ரெண்டு பக்கமும்ல வரும்?"

"அண்ணன் வலது பக்கமா சாஞ்சுக்கிட்டுச் சாப்பிடுறாரோ என்னவோ" என்றேன்.

மொண்ணைக் கத்திரியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"டயர்ல ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருந்தா வண்டிக்காரன்கிட்ட என்ன சொல்லுவ?"

"ஓட்டாதீங்கன்னு சொல்லுவேன்."

"அதைத்தான் நான் சொல்லப்போறேன்" என்று சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

சொன்னாள். அவர் கேட்கவில்லை. லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் இப்படித்தான், சீட்டு அப்படி, ஸ்டியரிங் அப்படி என்று ஏதேதோ காரணம். இவள் அவரை நிற்க வைத்து முதுகுத் தண்டில் இருந்து தொப்புள்வரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்து காட்டினாள். அவர் டேப்பில்தான் கோளாறு என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் அண்ணன் வெறும் பனியனோடு படியிறங்கி என் கடைக்கு வந்தார். மேலே நடந்த பேச்சு எனக்கு ஏற்கெனவே கேட்டிருந்தது.

"எங்கடி என் சட்டை?"

"பிரிச்சிருக்கு."

"எது?"

"எல்லாம்."

"எல்லாத்தையுமா? நான் எதைப் போட்டுக்கிட்டு வண்டிக்குப் போறது?"

"ஆஸ்பத்திரி போய் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் துணிய வெட்ட முடியும்."

ஆக, அவர் என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மேல் பட்டன் மட்டும் போட முடிந்தது, கீழே திறந்த திரைதான். அக்காவும் வந்தாள், நானும் கூடப் போனேன். சட்டை திரும்பி வர வேண்டாமா? அதோடு, ஸ்கேன் அறை எப்படி இருக்கும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை.

ஸ்கேன் எடுக்கிற பெண் வயிற்றில் பசையைத் தடவிக்கொண்டே பக்கத்து அறைப் பெண்ணோடு ஏதோ கல்யாணக் கதை பேசிக்கொண்டிருந்தாள். நல்ல கதை, மாப்பிள்ளை யாரென்று தெரிய வேண்டிய இடத்தில் பேச்சு நின்றுவிட்டது. கருவியை அதே இடத்தில் திரும்பத் திரும்ப உருட்டினாள். எழுந்து போய் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தாள். சின்ன வயதுதான். கண்ணாடியைத் தலைமுடியில் செருகியிருந்தார், பேச்சு படபடவென்று வரும்.

திரையில் கறுப்பாக ஒரு பெரிய வட்டம். அதற்குள்ளே சின்னச் சின்ன வட்டங்கள், நெருக்கிக்கொண்டு.

"பட்டன் டப்பாவைத் திறந்து பாத்த மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

டாக்டரம்மா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு அண்ணனிடம் திரும்பினார். "ஆடு வளக்குறீங்களா?"

"வளக்கல டாக்டர். லாரியில ஏத்துறேன்."

"நாய் இருக்கா வீட்ல?"

அண்ணன் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. கிளீனரின் புத்திசாலித்தனத்தை விவரிக்க ஆரம்பித்தார். செக்போஸ்ட் வந்தால் எப்படி எழுந்து உட்காரும், தூக்கம் வந்தால் எப்படிக் கையை நக்கி எழுப்பும் என்று. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இன்னொரு பெரிய ஸ்கேனும் எடுத்தார்கள். எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டியது.

"நாய்க் குடல்ல ஒரு நாடாப்புழு இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"நாடாவா?" அக்காவின் கை தன்னையறியாமல் அளவு காட்டியது.

"நீங்க கோக்குற நாடா நீளமெல்லாம் இல்லம்மா. ஒரு அரிசி அளவுகூட வராது. ஆனா அதோட முட்டை நாய் கழிவுல வெளிய வரும். நாய் முடியில ஒட்டும், புல்லுல கிடக்கும். அந்தப் புல்லை ஆடு மேஞ்சா ஆட்டு ஈரல்ல நீர்க்குமிழு வரும். அந்த ஈரலைப் பச்சையா நாய் தின்னா, திரும்ப நாய்க்குப் புழு. இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். நடுவுல நீங்க நாயைத் தடவுன கையோட சாப்பிட்டா, குமிழு உங்க ஈரல்ல. மெதுவாத்தான் வளரும், வருஷக் கணக்குல."

அண்ணனின் குரல் உள்ளே போய்விட்டது. "குமிழு வெச்ச ஈரலா?"

இந்த இடத்தில் கசாப்புக்கூடத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆட்டை அறுத்து ஈரலை எடுத்ததும் மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளையாகக் குமிழ் இருந்தால் அது கடைக்குப் போகாது. எறிந்துவிடவும் மாட்டார். ஒரு பையில் கட்டித் தனியாக வைப்பார், நாய் வைத்திருக்கிற டிரைவர்களுக்காக. அது மரியாதை. புது டிரைவருக்குக் கிடைக்காது. நாலு பேர் மதிக்கிற டிரைவராக இருக்க வேண்டும். அண்ணனுக்கு எப்போதும் முதல் பை. அவர் நன்றி சொல்லி வாங்கி, தன் கையாலேயே துண்டு துண்டாகக் கிளீனருக்கு ஊட்டி விடுவார்.

"எவ்வளவு காலமா இப்படிக் குடுக்குறீங்க?" என்றார் டாக்டரம்மா.

"கிளீனர் வந்ததுல இருந்து. இதுக்கு முன்னாடி இதோட அம்மா இருந்துச்சு, அதுக்கும்."

எனக்கே சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரம்மா நேராக விஷயத்துக்கு வந்தார். "இதுல இருக்குறது சும்மா தண்ணி இல்ல. கட்டி உள்ள உடைஞ்சு சிந்திச்சுன்னா உடம்பு ஒத்துக்காம மூச்சே அடைச்சுப் போயிடலாம். அதுல தப்பிச்சாலும், சிந்துன எடத்துல எல்லாம் புதுசு புதுசா முளைக்கும். சில கட்டியை நாங்களே ஸ்கேன் பாத்துக்கிட்டே ஊசியால உறிஞ்சி, மருந்து விட்டுக் கொல்லுவோம். இது அந்த ரகம் இல்ல. உள்ள குட்டிக் கட்டி நிறைய, ஈரல் ஓரத்துல வேற உக்காந்திருக்கு. ஆபரேஷன்தான். முதல்ல சில வாரம் மாத்திரை. அதுவரைக்கும் வயித்துல இடி படக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது."

அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தி என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் அவர் காதில் அது விழுந்துவிட்டது.

அக்கா கேட்டாள், "முழுசா எடுத்துடுவீங்களாம்மா?"

"முயற்சி பண்றோம்."

"முயற்சி வேண்டாம்மா. எடுத்துடுங்க."

டாக்டரம்மா கண்ணாடியைத் தலையில் இருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். "சரி. நீங்க அதுவரைக்கும் உடையாம கொண்டாந்து என் கையில குடுங்க. நான் எடுக்குறேன்."

"கொண்டாறேன்" என்றாள் அக்கா. துணி தைத்துத் தரும் நாளைச் சொல்கிற அதே குரல்.

அன்றிலிருந்து அந்த வயிறு அண்ணனுடையது இல்லை, அக்காவுடையது. டேபிள் முனையெல்லாம் பஞ்சு வைத்துத் துணி சுற்றிவிட்டாள். தெருவில் பந்து விளையாடுகிற பிள்ளைகளை அடுத்த தெருவுக்குக் குடியேற்றினாள். கடைவீதியில் போனால் இவள் இரண்டு முழங்கையையும் அகட்டிக்கொண்டு முன்னால் நடப்பாள், அவர் பின்னால் மந்திரி மாதிரி வருவார். பழைய சிநேகிதன் ஒருத்தன் கட்டிப்பிடிக்க ஓடி வந்தான். "கை குடுத்தாப் போதும்" என்று குறுக்கே விழுந்தாள். மாத்திரையைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான் அண்ணனுக்குப் பிடித்த வைத்தியம். அவ்வப்போது ரத்தமும் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

கிளீனர் என் கடையில் தங்கினான். மாட்டு டாக்டர் புழு மாத்திரை கொடுத்தார். அக்கா ரப்பர் உறை மாட்டிக்கொண்டு வந்து அவன் கழித்ததை அள்ளி ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பாள். தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவாமல் என்னைத் தேநீர் குடிக்க விட மாட்டாள்.

"பேசாம நாயைத் தொலைச்சிடுங்க அண்ணி" என்றாள் டிரைவரின் தங்கச்சி.

"நாய் என்ன பண்ணுச்சு? குடுத்ததைத் தின்னுச்சு."

இந்தத் தங்கச்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடுத்த தெருவில் பால் பூத் நடத்துகிறாள். தெருச் செய்தியில் பாதி அவளிடம் இருந்துதான் எனக்கு வரும், மீதி என்னிடம் இருந்து அவளுக்குப் போகும். அண்ணன் என்றால் உயிர். பிரச்சினை என்னவென்றால், அவளுக்குத் தலைவலி வந்தாலும் வயிற்றுவலி வந்தாலும் ஒரே தெய்வம், முக்கு மருந்துக்கடைக் கம்பவுண்டர். எந்தக் காலத்திலோ ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எல்லாவற்றுக்கும் ஊசி. முட்டியில் நீர் கோத்தவர்களுக்கு உறிஞ்சி எடுத்து விடுவார் என்று பேர் வாங்கியிருந்தார்.

ஆபரேஷன் நாள் நெருங்க நெருங்க அண்ணன் சாப்பாடு குறைந்தது. லாரி முதலாளி தற்காலிகமாக வேறு டிரைவரைப் போட்டிருந்தார். அந்த வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில் போகும்போது இவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி காதில் ஓதினாள். "அண்ணே, கம்பவுண்டர் கேட்டாரு, தண்ணிக் கட்டிதானே, இதுக்குப் போயா வயித்தைக் கிழிப்பாங்கன்னு. ஒரே ஊசி. சாயங்காலம் நீ வண்டியில உக்காந்துடலாம்."

ஒருநாள் பிற்பகல். அக்கா பள்ளிக்கூடச் சீருடை மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொடுக்கப் போயிருந்தாள். நான் டயர் கழற்றிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் பையோடு படியேறினார். பின்னாலேயே தங்கச்சி, கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின். அந்தப் பேசினைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, கம்பவுண்டர் மேல போறாரு."

"கையில என்ன?"

"பை. உங்க நாத்தனார் கையில பேசின்."

போன் கட்டாகிவிட்டது.

நான் மேலே ஓடினேன். அண்ணன் கட்டிங் டேபிளின் மேல் சட்டையைத் தூக்கிவிட்டுப் படுத்திருந்தார், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு. கம்பவுண்டர் பஞ்சால் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய சிரிஞ்சு. எனக்கு மாடு பிடிக்கிற தெம்பெல்லாம் இல்லை, வாய் மட்டும்தான்.

"கம்பவுண்டர் சார், ஒரு சந்தேகம். என் குதிகால்ல ஆணி..."

"அப்புறம் பாக்கலாம்ப்பா."

"இல்ல சார், நேத்துல இருந்து அது மெதுவா மேல ஏறுது."

"ஆணி எங்கயாவது மேல ஏறுமா?"

"அதான் சார் எனக்கும் பயம்." செருப்பைக் கழற்றிக் காலைத் தூக்கி டேபிளின் மேல் வைத்தேன். தங்கச்சி "ச்சீ, காலை எடு" என்று கத்தினாள். நான் எடுக்கவில்லை. அந்தக் காலைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் என்னைத் திட்டி முடிப்பதற்குள் படியில் சத்தம் கேட்டது.

அக்காதான், யார் பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். சீருடை மூட்டை இன்னும் தோளில் இருந்தது. கத்துவாள் என்று நினைத்தேன். மூட்டையை இறக்கி வைத்தாள். மூச்சு வாங்கியது. டேபிள் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனின் வலது வயிற்றில் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"குத்துங்க" என்றாள்.

"கையை எடும்மா."

"எடுக்க மாட்டேன். கையோட சேத்துக் குத்துங்க."

"என்னம்மா இது, நான் எத்தனை பேருக்கு எடுத்திருக்கேன் தெரியுமா?"

"முட்டியில எடுத்தீங்க. இது முட்டி இல்ல. மூச்சு நின்னு போனா காப்பாத்த என்ன வெச்சிருக்கீங்க பையில?"

கம்பவுண்டர் பையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பஞ்சு, பிளாஸ்திரி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம்.

தங்கச்சி பேசினை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன் மேல உங்களுக்கு மட்டும்தான் அக்கறையா அண்ணி? நாங்க என்ன கொல்லவா பாக்குறோம்?"

"உனக்கு அக்கறை இருக்கு. அதனாலதான் பேசின் தூக்கிட்டு வந்திருக்க. அதுல கொஞ்சம் தண்ணி பிடிச்சுக் கொண்டா. சார் கையைக் கழுவிக்கிட்டுக் கிளம்பட்டும்."

அண்ணன் கண்ணைத் திறந்தார். கையைத் தட்டிவிடவில்லை.

"முதலாளி வண்டியை அவன்கிட்டயே குடுத்துட்டாருன்னா?" என்றார்.

"குடுக்கட்டும்."

"கத்தின்னா எனக்கு..."

"தெரியும். நகம் வெட்டுறப்பவே கண்ணை மூடிக்கிறவர்தானே நீங்க."

"செத்துட்டா?"

அக்காவின் விரித்த கை அப்படியே இருந்தது, அவர் மூச்சு விட விட அதுவும் ஏறி இறங்கியது.

"கத்தியில ஏதாச்சும் ஆனா நான் அந்த டாக்டர் பொண்ணை மூஞ்சிக்கு நேரா நின்னு கேப்பேன். இந்த ஊசியில ஆனா யாரைக் கேக்கச் சொல்றீங்க? உங்க தங்கச்சியையா? அவளை நான் என்னன்னு கேக்குறது, சொல்லுங்க." பிறகு தணிந்த குரலில் சொன்னாள், "உடையாம கொண்டாறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்ங்க. என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க."

அண்ணன் தானே சட்டையைக் கீழே இறக்கிவிட்டார். கம்பவுண்டர் கை கழுவாமலே போய்விட்டார். தங்கச்சி பேசினைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள். அக்கா சீருடை மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "இங்கயே இரு. நான் வர்ற வரைக்கும் உங்கண்ணன் பக்கத்துல ஒரு குண்டூசிகூட வரக் கூடாது. உன் பொறுப்பு" என்று அவளையே காவலுக்கு வைத்துவிட்டுப் போனாள். தங்கச்சி அதன் பிறகு என்னையே சந்தேகமாகப் பார்த்து வெளியே துரத்தினாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அக்கா டாக்டரம்மாவை ஒரு ஓரமாக நிறுத்தினாள். "எடுக்கும்போது சிந்தாம எப்படிம்மா பாத்துப்பீங்க?"

"சுத்திலும் துணி அடுக்குவோம்மா. புழுவைக் கொல்ற உப்புத் தண்ணியில நனைச்சு. ஒரு சொட்டு விழுந்தாலும் துணியிலதான் விழும், அங்கயே செத்துடும்."

"என்ன துணி? எத்தனை மடிப்பு?"

அவசரத்தில் இருந்தாலும் அந்தப் பெண் நின்று விரலால் மடித்துக் காட்டியது. அக்கா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். "போதும். கையும் கொஞ்சம் மெதுவா போகட்டும்மா."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தங்கச்சி வாய் ஓயாமல் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து பெஞ்சுக்காரரின் மாமியார் கதையைப் பாதி கேட்டேன், பாதி மனதில் ஏறவில்லை. அக்கா மட்டும் உட்காரவில்லை. கதவுக்கு நேரே சுவரில் சாய்ந்தபடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற வாடிக்கையாளரிடம் நிற்பாளே, அப்படியே நின்றாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா கையில் ஒரு கண்ணாடிப் பாத்திரம். வெள்ளைத் தோல், முட்டை ஓட்டுக்குள் ஒட்டியிருக்குமே மெல்லிய சவ்வு, அது தடித்துப் போனது மாதிரி. அடியில் சின்னச் சின்னத் திராட்சைகள்.

"சிந்தலையே?" என்றாள் அக்கா.

"சிந்தலை. நல்லா இருக்கார்."

அக்கா அப்போதுதான் உட்கார்ந்தாள், பெஞ்சில் இல்லை, தரையில். தங்கச்சி ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் முதுகை ஒருவர் அடித்துக்கொண்டார்கள், அழுகையா சண்டையா என்று நர்சுக்குச் சந்தேகம் வருகிற அளவுக்கு.

அதோடு முடியவில்லை. வயிற்றில் குழாய் கொஞ்ச நாள் இருந்தது. மாத்திரை மாதக் கணக்கில் தொடர்ந்தது. நாயோடு பழகின எல்லாரும் ஸ்கேன் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, அக்கா எங்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு போனாள். நான் படுத்திருந்த நேரத்தில் கும்பிடாத சாமி இல்லை. ஒன்றும் இல்லை என்றார்கள். தங்கச்சிக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். "ஒண்ணுமே இல்லியா? நல்லாப் பாத்தீங்களா?" என்று ஸ்கேன் பெண்ணிடம் இரண்டு தடவை கேட்டாள்.

அடுத்தடுத்த ஸ்கேனில் அண்ணன் ஈரல் சுத்தம். வண்டி ஓட்டலாம், பாரம் தூக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா. கூடவே ஒன்றும் சொன்னார். "வந்த வழி திறந்தே இருந்தா மறுபடியும் வரும். அதை நான் இங்க உக்காந்துக்கிட்டு அடைக்க முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். பாவம், யாருக்கோ நேரம் சரியில்லை என்று எனக்கு அப்போதே தோன்றிவிட்டது.

முதலாளி வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு, முதல் லோடுக்கு அக்காவும் லாரியில் ஏறினாள், மூடி போட்ட ஒரு இரும்பு டிரம்மோடு. ஆடு தள்ளி இறக்கக் கை வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கசாப்புக்கூடத்து முற்றத்தில் லாரிகள் வரிசையாக நின்றன, நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு. மேஸ்திரி அண்ணனைப் பார்த்ததும் ரத்தக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"பொழைச்சு வந்துட்டீங்களேண்ணே! இந்தாங்க, கிளீனருக்குன்னு எடுத்து வெச்சேன்." கனமான பையை நீட்டினார். முகமெல்லாம் சந்தோஷம்.

அண்ணன் கை நீளவும் இல்லை, மடங்கவும் இல்லை. எல்லாரும் பார்க்கிறார்கள். அந்தப் பையை வேண்டாம் என்று சொல்வது மேஸ்திரியை முகத்தில் அடிப்பது மாதிரி.

அக்கா வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லி, நேராகப் போய் டிரம்மில் கொட்டி மூடியைப் போட்டாள்.

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். "எங்க நாய்ங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையேம்மா" என்றார் ஒருத்தர்.

"நாய்க்கு ஒண்ணும் ஆகாது. இவருக்குத்தான் ஆச்சு." அக்கா அண்ணனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அவருக்கு வெட்கம், நெளிந்தார். வலது பக்கம் நீளமான தழும்பு. அக்கா டாக்டரம்மா சொன்னதை, ஈரலில் இருந்து நாய்க்கு, நாயில் இருந்து கைக்கு, கையில் இருந்து வயிற்றுக்கு என்று சொன்னாள். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. சிரித்த டிரைவர் மெதுவாகத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார், முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம்.

மேஸ்திரி விடவில்லை. "இதையெல்லாம் யாரு குழி தோண்டிப் புதைக்கிறது? எனக்கு வேற வேலை இல்லியா?"

"நாய் தோண்ட முடியாத ஆழத்துக்கு நீங்க தோண்டுங்க. மூடுற வரைக்கும் நான் நிக்கிறேன்."

"இன்னிக்கு நிப்ப. நாளைக்கு?"

"நாளைக்கும்."

"எத்தனை நாளைக்கும்மா இங்க வந்து நிப்ப?"

"லோடு வர்ற நாளெல்லாம்."

"தையல் வேலை?"

"மெஷினை இங்க தூக்கிட்டு வந்துடுவேன். அந்த நிழல்ல போட்டுக்கலாம்" என்று ஒரு மூலையைக் காட்டினாள். வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றும் பார்த்துக்கொண்டாள்.

மேஸ்திரி அண்ணனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். "என்னண்ணே, நெசமாவே தூக்கிட்டு வந்துடுவாங்களா?"

"வந்துடுவா" என்றார் அண்ணன்.

மேஸ்திரி அக்கா காட்டிய மூலையை ஒருமுறை பார்த்தார். பிறகு கூடத்துக்குள் திரும்பி, ஊரே கேட்கும்படி கத்தினார்.

"டேய், அந்த மண்வெட்டி எங்கடா?"